எச்சிலில் சிந்துவெளி தெரியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 66. ஸ்ரீவைகுண்டம் பக்கம் கிராமம். டொராண்டோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது அவள் வாங்கிக் கொடுத்த கிட்டில் எச்சில் துப்பிக் கொடுத்தேன். முடிவு 'தென்னிந்தியா, இலங்கை' என்று வந்தது. இது தெரிந்ததுதானே என்று மருமகன் அந்தக் கோப்பை இறக்கி வேறொரு தளத்தில் ஏற்றினார். அதில் சிந்துவெளி 58%, பழந்தென்னிந்திய வேட்டையாடி 37%, ஸ்டெப்பி (மத்திய ஆசியப் புல்வெளி) 5% என்று வந்தது. தந்தை வழி எல்-எம்27, தாய் வழி எம்2 என்றும் இருக்கிறது. என் தங்கைக்கு அதே தளத்தில் 55, 39, 6 என்று வருகிறது. இதை வைத்து எங்கள் சமுதாயச் சங்கத்தின் ஆண்டு மலரில் 'நாம் சிந்துவெளியின் வாரிசுகள்' என்று கட்டுரை போட வேண்டும் என்கிறார்கள். தம்பியோ இதெல்லாம் ஜோசியம் என்கிறான். போடலாமா? ஆதிச்சநல்லூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே தாழிகளில் கிடந்தவர்களோடு என் டிஎன்ஏவை ஒப்பிட முடியுமா? இன்னும் பெரிய பரிசோதனைக்குச் செலவு செய்யலாமா? அம்மா இப்போது இல்லை. அம்மாவின் அக்கா, 89 வயதுப் பெரியம்மா இருக்கிறார். அவரையும் சோதிக்க வேண்டுமா?

பதில்:

ஐயா, மலரில் போட வேண்டாம். பெரியம்மாவைப் பார்க்க மட்டும் இந்த மாதமே போங்கள். எச்சில் குழாய் இல்லாமல் போனாலும் பரவாயில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 58 எப்படி வந்தது என்று பார்ப்போம். நம் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. கிட் நிறுவனம் அத்தனையையும் படிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் மாறக்கூடிய ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் படித்து, இன்று உயிரோடு இருக்கும் பல ஊர் மக்களோடு ஒப்பிடுகிறது. 'தென்னிந்தியா, இலங்கை' என்று வந்தது அப்படித்தான். உங்கள் மருமகன் ஏற்றிய தளம் செய்தது வேறு வேலை. அகழாய்வில் கிடைத்த எலும்புகளின் டிஎன்ஏவை வைத்துக்கொண்டு, இவற்றை எந்த அளவில் கலந்தால் உங்களுக்கு நெருக்கமான ஒன்று வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறது.

வீட்டில் அரைத்த குழம்புப் பொடியை ஒருவர் கையில் கொடுத்து, 'இதில் மல்லி, மிளகாய், சீரகம் மூன்றுதான் இருக்கிறது, அளவைச் சொல்' என்று கேட்டால் அவர் மூன்றுக்குள்தான் பங்கு போடுவார். வெந்தயம் இருந்தாலும் அதைச் சீரகத்தின் கணக்கில் சேர்த்துவிடுவார். நாலாவதாக வெந்தயத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் எல்லா அளவும் மாறிவிடும். உங்கள் 58, 37, 5 அந்த மாதிரியான எண்கள். மூன்று பேரைக் கொடுத்தார்கள், மூன்றுக்கும் பங்கு வந்தது. அந்த வகையில் கணக்கு நேர்மையானது, ஜோசியம் இல்லை. ஆனால் அந்த மூன்று பேரும் யார் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஹரியானாவின் ஹிசார் மாவட்டத்தில் ராக்கிகடி என்ற பெரிய ஹரப்பா கால ஊர் இருக்கிறது. அங்கே வசந்த் ஷிண்டேயின் குழு தோண்டிய இடுகாட்டு எலும்புகளிலிருந்து 61 மாதிரிகளை ஆய்வுக்கூடத்தில் முயன்றார்கள். ஆராயும் அளவுக்கு டிஎன்ஏ தந்தது ஒன்றே ஒன்று. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட ஒரு பெண். 2019 செப்டம்பரில் அந்த ஆய்வு வெளியானது. அதே சமயத்தில் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் ஈரானின் ஷஹ்ர்-இ-சோக்தாவிலும் புதைக்கப்பட்டிருந்தவர்களில் 11 பேர் உள்ளூர்க்காரர்களிடமிருந்து மாறுபட்டுத் தெரிந்தார்கள். சிந்துவெளியிலிருந்து அங்கே போனவர்களாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ராக்கிகடிப் பெண்ணின் டிஎன்ஏ அவர்களோடு பொருந்தியது அதற்கு வலு சேர்த்தது. இந்த மாதிரிக் கணக்குகளில் 'சிந்துவெளி' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் இந்தக் கைவிரல் கணக்கில் அடங்கும் ஆட்களைத்தான் குறிக்கும். லட்சக்கணக்கானோர் நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஒரு நாகரிகத்துக்கு இவ்வளவு பேர்தான் சாட்சி.

'பழந்தென்னிந்திய வேட்டையாடி' கதை இன்னும் விசித்திரம். கலப்பில்லாத அப்படி ஒருவருடைய எலும்பே இந்தக் கணக்குக்குக் கிடைத்ததில்லை. அந்தமானின் ஓங்கே மக்கள் அந்தப் பழைய கிளையோடு தூரத்து உறவு உள்ளவர்கள். பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன உறவு. அவர்களையும் நம்மைப் போன்ற இன்றைய மக்களையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு உருவாக்கிய உருவம்தான் அந்த வேட்டையாடி. அப்படி ஒரு மக்கள் கூட்டம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 37 என்ற எண், முகம் பார்க்காத ஒருவரை அடுத்தவர் சொன்ன அடையாளத்தை வைத்து வரைந்த படத்தோடு ஒப்பிட்டுச் சொன்னது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தச் சிந்துவெளி ஆட்களே ஒரு கலவைதான். ஈரானியப் பழங்குடிகளுக்கு உறவான ஒரு கிளையும் இதே வேட்டையாடிக் கிளையும் அவர்களுக்குள் ஏற்கெனவே கலந்திருந்தன. ஆக, உங்கள் 58க்குள்ளேயும் வேட்டையாடி இருக்கிறார். கோடு போட்டுப் பிரித்த மூன்று டப்பாக்கள் என்று நினைத்துக்கொண்டால் கணக்கு அங்கேயே தப்பாகிவிடும்.

சரி, நீங்கள் சிந்துவெளி மக்களின் வாரிசா? ஆம். இதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் உங்கள் அடுத்த தெருக்காரரும், லாகூர்க்காரரும், வங்காளியும், கண்டியில் இருக்கும் சிங்களவரும் வாரிசுகள்தான். இன்றைய தெற்காசியர்களில் பெரும்பாலானோருக்கு மிகப் பெரிய பங்கு தந்தது அந்த மக்கள்தொகைதான் என்பதே 2019 ஆய்வுகளின் முடிவு. அந்த நகரங்கள் சரிந்த பிறகு அந்த மக்கள் தெற்கே இருந்தவர்களோடும் கலந்தார்கள், வடக்கே ஸ்டெப்பியிலிருந்து வந்தவர்களோடும் கலந்தார்கள். ஹைதராபாத்தின் சிசிஎம்பி (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வாளர்கள் தங்கராஜ், லால்ஜி சிங், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோர் 2009இல் 25 சமூகங்களை ஆராய்ந்து, இந்தியாவின் பெரும்பாலான சமூகங்களில் வடக்கு, தெற்கு என்ற இரு பழைய மூலங்களும் கலந்திருப்பதைக் காட்டினார்கள். 2013இல் அந்தக் கலப்பின் காலத்தைக் கணக்கிட்டார்கள்: சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை. அந்தக் காலத்தில் எல்லாப் பக்கமும் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சொந்தச் சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பழக்கம் இறுகியது. பங்குகளின் அளவு சமூகத்துக்குச் சமூகம் மாறும், ஆனால் பொருட்கள் அதே பொருட்கள். அதனால் இந்த அட்டவணையை ஒரு சாதியின் மலரில் போட்டு 'நாம்' என்று எழுதினால், அந்த 'நாம்' என்ற சொல்லே பொய்யாகிவிடும். மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றால், நம் முன்னோர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் யார் யாரோடெல்லாம் கலந்து குடும்பம் நடத்தினார்கள் என்று எழுதுங்கள். படிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

எண்ணுக்குள் மொழியைத் தேடவும் வேண்டாம். ராக்கிகடிப் பெண் என்ன மொழி பேசினாள் என்பது அவளுடைய எலும்பில் எழுதியிருக்காது.

இனி எல்-எம்27, எம்2 விஷயம். உங்கள் பக்கத்து வழக்கத்தை வைத்தே சொல்கிறேன். பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போகிறீர்களே, உங்களுக்கு எந்தச் சாஸ்தா என்பது எப்படித் தெரியும்? அப்பாவுக்கு எதுவோ அதுதான் உங்களுக்கும். அவருக்கு அவருடைய அப்பாவுடையது. ஒய் குரோமோசோம் போகும் பாதையும் இதேதான்: அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும். உங்கள் தங்கைக்கு அது கிடையாது. கல்யாணமாகிப் போன பெண்ணுக்குக் கணவன் வீட்டுச் சாஸ்தா வந்துவிடுகிறார், பிறந்த வீட்டுச் சாஸ்தா ஒரு தலைமுறையில் மறந்துபோகிறார். அம்மாவுக்கு அம்மா, அவருக்கு அம்மா என்று போகும் பாதைக்கு நம் ஊரில் கோயிலும் இல்லை, பெயரும் இல்லை. உடம்பு மட்டும் அதைக் குறித்து வைத்திருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக 16,569 எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து மட்டும் வரும். உங்கள் எம்2 அந்தப் பாதை. இந்தியாவுக்குள்ளேயே கிளைத்துப் பரவிய மிகப் பழைய தாய்வழிகளில் அதுவும் ஒன்று. அந்த வரியைப் பார்த்து நீங்கள் பெருமைப்பட்டால் அது நியாயம்தான்.

ஆனால் இவை இரண்டு பாதைகள் மட்டும்தான். பத்துத் தலைமுறை பின்னால் போனால், அதாவது கட்டபொம்மன் பிறப்பதற்கும் வெகு முன்னால், உங்கள் மூதாதையர் கட்டத்தில் 1,024 இடங்கள் இருக்கும். ஒய் அதில் ஒருவரைக் காட்டுகிறது, எம்2 ஒருவரைக் காட்டுகிறது. மிச்சம் 1,022 பேர் வேறு. ராக்கிகடிப் பெண்ணின் காலத்துக்குப் போக 150க்கும் மேற்பட்ட தலைமுறைகள் வேண்டும். அப்புறம், எல்-எம்27 தென்னிந்தியாவில் பல சமூகங்களில் பரவலாகக் கிடைக்கும் கிளை. 'ஹரப்பாக்காரருடைய ஒய்யோடு பொருந்துகிறதா' என்று மருமகன் கேட்டால் ஒன்று சொல்லுங்கள்: ராக்கிகடியில் கிடைத்தவர் பெண். அவருக்கு ஒய்யே கிடையாது.

ஒரு குறியை வைத்து ஒருவரை ஆதிமனிதரின் நேரடி வாரிசாக்கிவிடும் ஆசை நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவின் மாதிரிகளில், உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கம் கிராமத்து ஒருவரிடம் எம்130 என்ற மிகப் பழைய ஒய் குறி இருப்பது தெரியவந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்த பயணத்தின் தடம் அது. அறிவியலாகப் பார்த்தால் அருமையான கண்டுபிடிப்பு. பத்திரிகைகள் அதை 'முதல் இந்தியர்' என்று தலைப்பாக்கின. அதே குறி வேறு பலரிடமும் உண்டு, அவருடைய மற்ற மூதாதையர்கள் நம் எல்லாருக்கும் பொதுவானவர்கள் என்ற பாதி அந்தத் தலைப்பில் ஏறவே இல்லை.

தங்கையின் எண் வேறாக வந்ததற்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். உங்கள் அப்பாவும் அம்மாவும் தங்களிடம் இருந்ததில் பாதியைத்தான் உங்களுக்குக் கொடுத்தார்கள், தங்கைக்குக் கொடுத்தது அதே பாதி இல்லை. அதோடு இந்தக் கணக்கிலேயே ஓரிரு புள்ளி முன்னே பின்னே ஆவது சகஜம். எம்2 மட்டும் இருவருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆதிச்சநல்லூர் கேள்வியைப் படித்ததும் எனக்கு மனசு நின்றுவிட்டது. அந்தப் பரம்பு மேட்டில் நான் நின்றிருக்கிறேன். 1876இல் ஜெர்மன் ஆய்வாளர் ஜாகோர் வந்து தோண்டியதிலிருந்து, தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, பிறகு 2004இல் மத்திய தொல்லியல் துறை என்று தாழிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த மனிதர்கள் உங்கள் முன்னோர்களா என்று கேட்க உங்களைவிட உரிமை உள்ளவர் யார்? ஆனால் உங்கள் அட்டவணையில் ஆதிச்சநல்லூர் என்று ஒரு வரிசை இல்லை, பாருங்கள். டிஎன்ஏ வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்துபோகும். தாமிரபரணிக் கரையில் மூவாயிரம் வருஷ வெயிலும் மழையும் அந்தத் தாழிகளுக்குள் இறங்கியிருக்கின்றன. வெப்பமான ஊர் எலும்புகளோடு நான் வேலை பார்த்த நாட்களில், காதின் உட்பகுதியைச் சுற்றியிருக்கும் கடினமான எலும்பைத்தான் தேடுவோம். மற்ற எலும்புகளைவிட அதில்தான் டிஎன்ஏ நன்றாகத் தங்கும். அதைப் பொடித்துப் பார்த்தால் பல தடவை கிடைப்பது மண்ணில் இருந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ. மனிதருடையது ஒரு சிட்டிகை கூட இருக்காது. அந்த நாட்களின் ஏமாற்றம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

குளிர் எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு ரூப்குண்ட் சாட்சி. உத்தராகண்டில் 5,000 மீட்டர் உயரத்தில் எலும்புகள் கிடக்கும் ஏரி. ஒரே ஆலங்கட்டி மழையில் செத்த யாத்திரிகர் கூட்டம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2019இல் 38 பேருடைய டிஎன்ஏவைப் படித்தார்கள். 23 பேர் இன்றைய இந்தியர்களைப் போன்றவர்கள், ஏழாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை வெவ்வேறு சமயங்களில் செத்தவர்கள். 14 பேர் கிரீஸ், கிரீட் பக்கத்து மக்களுக்கு நெருக்கமானவர்கள், அவர்கள் செத்தது 1800ஆம் ஆண்டு வாக்கில். ஒருவர் தென்கிழக்கு ஆசியர். மத்தியதரைக் கடல்காரர்கள் அந்த மலைக்கு ஏன் போனார்கள் என்ற கேள்வியை யாருமே அதற்கு முன் கேட்டதில்லை. எலும்பு பேசினால் இப்படித்தான், நாம் தயாராக வைத்திருந்த கதையைப் பேசாது. ஆதிச்சநல்லூர் எலும்பு ஒருநாள் பேசினாலும் அப்படித்தான் இருக்கும். நாம் கேட்க விரும்புவதைச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படிப் பேசி, உங்களோடு ஒப்பிட்டாலும் என்ன கிடைக்கும் என்பதற்கு உங்களைப் போலவே ஓர் ஆசிரியரின் கதை இருக்கிறது. இங்கிலாந்தின் செடார் ஊர்க் குகையில் 1903இல் ஒரு முழு எலும்புக்கூடு கிடைத்தது, ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழையது. 1997இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் அதன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை அந்த வட்டாரத்து மக்களோடு ஒப்பிட்டார். அங்கேயே வேலை பார்த்த ஒரு வரலாற்று ஆசிரியருடையது பொருந்தியது. உலகமே அவரைக் குகை மனிதனின் வாரிசு என்றது. ஆனால் குகை மனிதர் ஆண், தன் மைட்டோகாண்ட்ரியாவை அவர் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. இருவருக்கும் பொதுவான ஒரு தாய் எப்போதோ இருந்தாள் என்பதுதான் நிஜம். ஐரோப்பாவில் அந்தக் கிளைக்காரர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பெரிய பரிசோதனைக்கு இப்போது செலவு செய்யாதீர்கள். ஒய் முழுவதையும் படிக்கும் சோதனை எல்-எம்27ஐ இன்னும் சின்னக் கிளையாகப் பிரித்துக் காட்டும். ஆனால் அந்தக் கிளையில் உங்கள் வட்டாரத்துக்காரர்கள் பலர் சோதித்திருந்தால்தான் அதற்கு அர்த்தம் வரும். இன்றைக்கு நீங்கள் அங்கே தனியாகத்தான் நிற்பீர்கள். அதே மாதிரி கிட் நிறுவனம் காட்டும் 'நான்காம் நிலை உறவினர்' பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட நமக்குள் டிஎன்ஏ பல வழியாகச் சுற்றி வந்து சேர்வதால், தூரத்து உறவும் கிட்டத்து உறவாகத் தெரியும்.

மருமகன் ஏற்றிய அந்தத் தளத்தில் கோப்பை அழித்துவிடச் சொல்லுங்கள். 2023இல் டுவென்டி த்ரீ அண்ட் மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. அதில் உங்கள் தங்கையும் பேரப்பிள்ளைகளும் பாதி, கால் என்று இருக்கிறார்கள்.

பழைய மூதாதையர் நிஜமாகவே உடம்பில் விட்டுப்போனது ஒன்றைச் சொல்ல வேண்டும். இதய தசை சம்பந்தமான எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் ஒரு மாற்றம் தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் உண்டு. 2009இல் வெளியான அந்த ஆய்வு, அது முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது என்று கணக்கிட்டது. உங்கள் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், இதயம் வீங்கிச் செத்தார் என்ற பேச்சு இருந்தால், இதய மருத்துவரிடம் போய் அதைச் சொல்லுங்கள். கிட் முடிவை நம்பி உட்காராதீர்கள். சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் சில குறைகள் சில சமூகங்களில் கூடிவிடுகின்றன. அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத் தளர்வு மருந்தை உடம்பு சீக்கிரம் கரைக்க முடியாத குறை வைசிய சமூகத்தில் கூடுதலாக இருப்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். மலரில் ஒரு பக்கம் கிடைத்தால், வம்சப் பெருமையை விட்டுவிட்டு இதைப் போடச் சொல்லுங்கள். யாராவது ஒருவருக்கு உயிர் மிஞ்சும்.

கடைசியாகப் பெரியம்மா. அவருடைய எம்2ஐச் சோதிக்கத் தேவையில்லை. உங்கள் அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே தாய் என்பதால் உங்களிடம் இருப்பதும் அவரிடம் இருப்பதும் ஒன்றுதான். உங்கள் பிள்ளைகளுக்கு அது வராது, தங்கையின் பிள்ளைகளுக்கு வரும். மற்ற டிஎன்ஏவில், உங்கள் அம்மாவிடம் வராத தாத்தா பாட்டியின் துண்டுகள் பெரியம்மாவிடம் இருக்கும். அவருக்குப் புரியும்படி சொல்லி, அவரும் மனசார விரும்பினால் எடுக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அவரிடம் இருக்கும் வேறொன்றுக்குத்தான் அவசரம். பத்துத் தலைமுறைக்கு முந்தைய அந்த 1,024 பேரில் ஏறத்தாழ பாதிப்பேருடைய டிஎன்ஏ உங்கள் உடம்பில் துளிகூட இருக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி உதிர்ந்து உதிர்ந்து அவர்கள் முழுசாகவே போய்விட்டார்கள். அவர்களும் உங்கள் பாட்டன் பாட்டிகள்தான், எந்தக் கிட்டும் அவர்களைக் காட்டாது. அவர்களில் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பவர்களின் பெயராவது பெரியம்மாவின் நினைவில் இருக்கலாம்.

போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அவசரப்படுத்தாமல் கேளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகள், பத்திரங்கள் இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயரைப் பார்த்தால் நினைவு வரும். அவருடைய பாட்டி தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கதை சொன்னாரா, அப்போது ஊர் மாறினார்களா, கொழும்புக்குக் கப்பலேறிப் போனவர்கள் யார், திரும்பி வராதவர்கள் யார் என்று கேளுங்கள். முக்கியமாக, அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி எந்த ஊரிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவர், பங்குனி உத்திரத்துக்கு அந்தப் பிறந்த வீட்டார் எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். எம்2 பாதையில் கையால் தொடக்கூடிய ஊர் அதுவாகத்தான் இருக்கும். பெயர் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.